ஷேர்டு மெமரியில் பழைய எண்ணே வருகிறது, அவசரம்!

கெடிலக்கரை: டிரைவரிலிருந்து ஷேர்டு மெமரியை, அதாவது இன்னொரு செயலி எழுதும் நினைவகத்தை, படிக்கிறேன். முதல் தடவை சரியாக வருகிறது, அப்புறம் அதே எண்தான். எப்போதாவது தானாக மாறுகிறது. நாளை ரிவ்யூ. யாராவது சொல்லுங்களேன்.

வில்லியனூரான்: எந்த போர்டு? அந்தப் பக்கம் எழுதுவது யார்?

பழைய கர்னல்: ஜாதகமே காட்டாமல் பொருத்தம் பார்க்கச் சொல்கிறார். இந்த வாரத்தில் மூன்றாவது ஆள்.

சில்வர்பீச்: பாயின்டருக்கு வாலடைல் போடுங்க, ஒவ்வொரு தடவையும் புதுசா படிக்கச் சொல்ற சி மொழி வார்த்தை. கண்டிப்பா அதுதான்.

கெடிலக்கரை: மன்னிக்கவும், பாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டு டைப் செய்கிறேன். பீகிள்போன் பிளாக், லினக்ஸ். அதே சிப்பில் இருக்கும் பிஆர்யூ என்ற சின்ன செயலி எழுதுகிறது. 512 எம்பியில் கடைசி 1 எம்பியை டிவைஸ் ட்ரீயில் (லினக்ஸின் மையமான கர்னலுக்கு வன்பொருளை விவரிக்கும் கோப்பு) ஒதுக்கி, ஃபிஸ்-டு-விர்ட் (நிஜ முகவரியைக் கர்னல் முகவரியாக மாற்றுவது) வழியாகப் படிக்கிறேன். வாலடைல் போட்டாச்சு.

முத்தியால்பேட்டை: பிஆர்யூ வெளி மெமரிக்குப் போகும் வழியான ஓசிபி போர்ட்டைத் திறந்தீர்களா? எனக்கு அதில்தான் இரண்டு நாள் போச்சு.

வில்லியனூரான்: முதல் எண் சரியாக வருகிறதே, போர்ட் திறந்துதான் இருக்கும். கேச் (சிபியூ தன்னருகே வைக்கும் மெமரி நகல்) இல்லாமல் மேப் செய்யும் ஐயோரீமேப்பை முயன்றீர்களா?

கெடிலக்கரை: வார்னிங் வந்து நல், அதாவது வெற்று முகவரி, திரும்புகிறது. அதனால்தான் ஃபிஸ்-டு-விர்ட்.

வில்லியனூரான்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஒதுக்கிய இடத்தில், கர்னல் அதை மேப் செய்யக் கூடாது என்று சொல்லும் நோ-மேப் குறி இல்லை. அதனால் கர்னல் அதைத் தன் சாதாரண ராம் ஆகவே மேப் செய்து வைத்திருக்கிறது. இந்த போர்டில் உள்ளது போன்ற ஆர்ம் சிப்புக்கான கர்னல் அதன்மேல் ஐயோரீமேப்பை விடாது. ஃபிஸ்-டு-விர்ட் தருவது கேச் வழி முகவரி. பிஆர்யூ நேரே ராமில் எழுதுகிறது, சிபியூ கேச்சில் கிடக்கும் பழைய வரியையே படிக்கிறது. அந்த வரி வெளியே தள்ளப்படும்போதுதான் எண் மாறுகிறது. நோ-மேப் சேர்த்து ஐயோரீமேப் போடுங்கள். இல்லையென்றால் கேச் சிக்கல் வராத மெமரி தரும் டிஎம்ஏ-அலாக்-கோஹெரன்ட்டில் வாங்கி, அது தரும் டிஎம்ஏ முகவரியை (சாதனங்கள் பயன்படுத்தும் முகவரி) பிஆர்யூவிடம் கொடுங்கள்.

சில்வர்பீச்: வாலடைல் இருந்தால் ஒவ்வொரு தடவையும் மெமரிக்குப் போகணுமே?

பழைய கர்னல்: தம்பி, வாலடைல் கம்பைலரைத்தான் கட்டுப்படுத்தும். லோடு கட்டளை போகும், பதில் கேச்சிலிருந்து வரும். கர்னல் ஆவணத்திலேயே வாலடைல் வேண்டாம் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது, படிப்பவர் யார்?

சில்வர்பீச்: மைக்ரோகன்ட்ரோலரில் பத்து வருஷமா வாலடைல்தான் போடறேன், ஓடுது.

பழைய கர்னல்: கேச்சே இல்லாத சிப்பில் ஓடாமல் என்ன செய்யும்?

முத்தியால்பேட்டை: டிரைவரே எதுக்கு? மெமரியை நேரே காட்டும் தேவ்-மெம் கோப்பைத் திறந்து, சாதாரண புரோகிராமிலேயே எம்மேப் செய்தால் முடிந்தது.

வில்லியனூரான்: ஸ்ட்ரிக்ட் தேவ்மெம் என்ற தடை போட்ட கர்னலில் ராம் பக்கம் விடாது. ரிவ்யூவில் டிரைவர் எங்கே என்று கேட்டால்?

கெடிலக்கரை: நோ-மேப் போட்டேன், எண் ஓடுது. நன்றிங்க.

வில்லியனூரான்: கடைசியில் எதைப் போட்டீங்க, ஐயோரீமேப்பா, கோஹெரன்ட்டா? அடுத்து வருபவருக்கு உதவும்.

சில்வர்பீச்: அவர் வாலடைலை எடுக்கவில்லை, கவனிச்சீங்களா?