நகரி மலைமேல் நகராத மழை

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து அதிகாலை ஒன்றில், வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அம்மா வடாம் போட ஆயத்தமான வேளையில், அலைகளை அனுப்பி மழை இருக்கும் இடத்தையும் அது நகரும் வேகத்தையும் அறியும், 2002இல் இயங்கத் தொடங்கிய சென்னைத் துறைமுக டாப்ளர் ரேடாரின் படத்தை வழக்கம்போலப் பார்த்தேன். வடமேற்கே, நகரி மலைகள் இருக்கும் திசையில், பலத்த மழையைக் குறிக்கும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு திட்டு அடர்ந்து கிடந்தது. மழை வந்துவிடும் என்று கணித்து, "இன்றைக்கு வேண்டாம், அம்மா" என்று சொல்லிவிட்டேன். இரவே ஊறவைத்திருந்த ஜவ்வரிசி வீணாயிற்று. மாலைவரை வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

அந்த வருத்தத்தில்தான் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். மூன்று மணி நேரமாக அந்தத் திட்டு இம்மியும் நகரவில்லை. வெயில் ஏறியதும் இருந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று படிந்திருக்கும்போது, ரேடார் அனுப்பும் அலைக்கற்றை வழக்கத்தைவிட அதிகமாகக் கீழ்நோக்கி வளைகிறது. கிடைமட்டத்திலிருந்து 0.5 பாகை மேல்நோக்கி அனுப்பிய கற்றை 100 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டும். அன்று அது மலைச்சரிவில் மோதித் திரும்பியிருக்கிறது. கடல்மேல் இந்நிலை ஏற்பட்டால் கப்பல்களும் அலைகளும்கூட மழையைப் போலத் தெரியும்.

மழை ரேடாரை நெருங்கும் அல்லது விலகும் வேகத்தைக் காட்டும் திசைவேகப் படத்தில் அவ்விடம் பூஜ்யமாக இருந்ததை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். அப்படியானால் பூஜ்ய வேக எதிரொலிகளை, அதாவது நகராத பொருள்களில் மோதித் திரும்பும் அலைகளை எல்லாம் மென்பொருளே நீக்கிவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. நீக்கத்தான் செய்கிறது, ஆனால் ரேடாரை நெருங்காமலும் விலகாமலும் குறுக்காகக் கடந்து செல்லும் மழைக்கும் பூஜ்யமே பதிவாகும் என்பதால், வடிகட்டியைக் கடுமையாக்கினால் உண்மையான மழையிலும் ஒரு பகுதி அழிந்துபோகும். புயல் நெருங்கும் நேரத்தில் அத்தகைய இழப்பு ஆபத்தானது. சிறிதளவு பொய் எதிரொலி மிஞ்சியிருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

ரேடார் படத்தில் மழையல்லாத இன்னொன்றும் தெரியும்: சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் படத்தின் மையத்திலிருந்து விளிம்புவரை நீளும் மெல்லிய கோடு சூரியனே அனுப்பும் வானொலி அலைகளால் வருவது. காலையில் அது மார்ச் இறுதியில் நேர்கிழக்கிலும், டிசம்பரில் தெற்கே சற்றுத் தள்ளியும் விழும். நள்ளிரவில் அத்தகைய கோடு தெரிந்தால், வேறு ஏதோ அலைபரப்பியின் குறுக்கீடு என்று கொள்ளலாம்.

வடாம் போடும் முன் அம்மா இன்றும் என்னைத்தான் கேட்கிறார். அடுத்தடுத்த நான்கு படங்களையும் திசைவேகப் படத்தையும் பார்த்த பிறகே பதில் சொல்கிறேன்.