டேமியன் மார்லி பாடுவது ரெக்கேதானா?

கேள்வி: முற்றத்துமழை

ஜமைக்காவின் ரெக்கே இசைக் கலைஞர் பாப் மார்லியைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவருடைய பிள்ளைகளை அண்மையில்தான் கேட்கத் தொடங்கினேன். ஸிகி மார்லியின் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தந்தையே பாடுவது போலிருக்கிறது. இளையவர் டேமியனோ 'வெல்கம் டு ஜாம்ராக்' பாடலில் பாடுவதாகவே தோன்றவில்லை. கடகடவென்று பேசிக்கொண்டு போகிறார். இதை ரெக்கே என்று கொள்ளலாமா? தந்தையின் இசையைத் தொடர்பவர் என்று இவரைச் சொல்வது எந்த அளவுக்குப் பொருந்தும்?

பதில்: நாலுதந்தி

டேமியன் 1978 ஜூலையில் பிறந்தவர். 1981 மே 11 அன்று பாப் மயாமியில் காலமானபோது அவருக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. ஸிகிக்கும் உடன்பிறந்தோருக்கும் 1979இல் முதல் இசைத்தட்டுக்கான பாடலைத் தந்தையே எழுதிக் கொடுத்தார். டேமியனுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. தந்தையின் தட்டுகளையும், அண்ணன்மாரையும், தாம் வளர்ந்த காலத்தில் ஜமைக்காவில் ஓங்கியிருந்த, ரெக்கேயிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால் இசையையும் கேட்டுத்தான் அவர் தம் வழியை அமைத்துக்கொண்டார்.

நீங்கள் 'பேச்சு' என்று சொல்வதும் ஜமைக்க மரபுதான். அங்கே டீஜே என்றால் தட்டுச் சுழற்றுபவர் அல்லர். தாளத்தின்மேல் எதுகையோடு சொல்லடுக்கிப் பேசுபவர். ஒரு பாடலின் பேஸ் கிட்டார், டிரம்ஸ் அடித்தளத்தை 'ரிடிம்' என்பார்கள். ஒரே ரிடிமின்மேல் பலரும் புதுப் பாடல் கட்டுவது அங்கே திருட்டாகக் கருதப்படுவதில்லை. 'ஜாம்ராக்' நிற்பது, ஸ்லை டன்பாரும் ராபி ஷேக்ஸ்பியரும் வாசித்து ஐனி கமோஸி பாடிய 1984ஆம் ஆண்டுப் பாடலின் ரிடிமின்மேல்தான்; தெருவில் நடக்கும் கொலையைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் வரியும் கமோஸியின் குரலே. அந்த பேஸ் வரிசையை ஒரு மாதம் பழகினேன். சுரங்கள் இரண்டு நாளில் கைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு நடுவே தந்தியை அடக்கிவிட்டுச் சும்மா இருக்கத்தான் இன்றுவரை வரவில்லை.

பதில்: கூழாங்கல்

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டேமியனின் அண்ணன் ஸ்டீபன் மார்லியை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. தந்தையின் பழைய குரல்பதிவுகளை ஹிப்ஹாப் கலைஞர்களோடு சேர்த்து 1999இல் ஒரு தொகுப்பை உருவாக்கியவர் அவர்தான். டேமியனின் தொகுப்புகளிலும் தயாரிப்பாளராக அவருடைய கை உண்டு. (அந்த 1999 தொகுப்பு எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.) மார்லி என்ற பெயர் டேமியனுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2001இல் வந்த தொகுப்புக்கு அவர் 'ஹாஃப்வே ட்ரீ' என்று பெயரிட்டதைக் கவனியுங்கள். அது கிங்ஸ்டன் நகரத்தில் மேட்டுக்குடிப் பகுதிக்கும் ஏழைகளின் பகுதிக்கும் நடுவே உள்ள நாற்சந்தி. தாய் சிண்டி பிரேக்ஸ்பியர் வசதியான பக்கத்தில் வளர்ந்து 1976இல் உலக அழகியானவர். தந்தை ட்ரெஞ்ச்டவுன் சந்துகளிலிருந்து வந்தவர். இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் என்பதை அவரே தலைப்பில் வைத்துவிட்டார். அதனால்தான், கடற்கரையில் பானத்தோடு சாய்ந்திருக்கும் சுற்றுலாப் பயணிகள் காணாத ஜமைக்காவை 'ஜாம்ராக்'கில் அவரால் அத்தனை காரமாகச் சொல்ல முடிகிறது. குரலைவிட இந்தக் காரத்தில்தான் நான் தந்தையைக் கேட்கிறேன். 2006 கிராமி விழாவில் அந்தப் பாடலுக்கு ஒன்றும் அதே பெயருள்ள தொகுப்புக்கு ஒன்றுமாக இரண்டு விருதுகள் கிடைத்தன.

பதில்: ஈரச்சுவர்

நம்மவர்களுக்கு ஒரு செய்தி: ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரோடு ஏ. ஆர். ரகுமான் சேர்ந்திருந்த 'சூப்பர்ஹெவி' குழுவில் டேமியனும் இருந்தார். 2011இல் அவர்களுடைய தொகுப்பு வெளிவந்தது.

மறுமொழி: முற்றத்துமழை

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அதே 'ஜாம்ராக்' தொகுப்பிலுள்ள 'மூவ்' என்ற பாடலைக் கேட்டேன். தந்தையின் 1977ஆம் ஆண்டு 'எக்ஸோடஸ்' அதற்கு அடியில் ஓடுகிறது. அதன்மேல் மகன் தம் வேகத்தில் பேசிக்கொண்டு போகிறார். முதல் முறை எரிச்சலாக இருந்தது. நான்காம் முறை பேஸை மட்டும் கேட்டேன்.