கட்டாய ஃபாஃப்சா விதி: ஸ்ஃபார்ன் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்புமுன் எதையெல்லாம் பார்க்கணும்?

கேள்வி: கணக்குப்பிள்ளை

அமெரிக்காவில் மாணவர் நிதியுதவி, கல்லூரி வாய்ப்பு பற்றி ஆராய்கிறவர்கள் ஆண்டுதோறும் கூடும் ஸ்ஃபார்ன் மாநாட்டுக்கு ஒரு சுருக்கம் அனுப்பப்போகிறேன். பொருள்: பள்ளி முடிக்க ஃபாஃப்சா, அதாவது கல்லூரிச் செலவுக்கு மத்திய அரசின் நிதியுதவி கேட்கும் விண்ணப்பம், நிரப்பியாக வேண்டும் என்ற மாநில விதி. லூசியானா, இல்லினாய், அலபாமா, டெக்சஸ், கலிஃபோர்னியா ஆகிய ஐந்தையும் எடுத்திருக்கிறேன். தரவு, மத்திய மாணவர் நிதியுதவி அலுவலகம் வெளியிடும் பள்ளிவாரி எண்ணிக்கை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30 வரை முழுமையான விண்ணப்பங்களை 12ஆம் வகுப்பு மாணவர் எண்ணிக்கையால் வகுத்து, விதிக்கு முன் – பின் ஒப்பிடுகிறேன். சாதாரண இருவழி நிலைவிளைவு மாதிரிதான் (இடத்துக்கும் ஆண்டுக்கும் உரிய நிலையான வேறுபாடுகளைக் கழித்துப் பார்ப்பது). இது அங்கே எடுபடுமா?

பதில்: வைகைக்கரை

எடுபடாது. முதல் ஓட்டை ஜூன் 30 என்ற தேதியிலேயே இருக்கிறது. 2016-17 கல்லூரி ஆண்டுக்கான சுற்று வரை படிவம் ஜனவரி 1இல் திறந்தது. 2017-18 சுற்றிலிருந்து அக்டோபர் 1க்கு மாறியது. 2024-25க்கான புதிய படிவமோ 2023 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. ஆக நீங்கள் "ஜூன் 30 வரை" என்று ஒரே கோடு போட்டாலும் ஒரு சுற்றுக்கு 6 மாதம், இன்னொன்றுக்கு 9 மாதம், மறுபடி 6 மாதம்.

இதில் அதிகம் அடிபடுவது லூசியானா. அங்கே விதி 2018இல் பள்ளி முடித்தவர்களுக்குத் தொடங்கியது, அதாவது 2018-19 சுற்று. அக்டோபரில் திறந்த "விதிக்கு முந்தைய" சுற்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதை வைத்து, விதிக்கு முன் அதன் போக்கு மற்ற மாநிலங்களுக்கு இணையாக இருந்தது என்று காட்ட முடியாது. படிவம் திறந்து எத்தனை வாரம் ஆயிற்று என்ற கணக்கில் ஒருமுறையும், காலண்டர் தேதியில் ஒருமுறையும் ஓட்டுங்கள். இரண்டும் வேறுபட்டால் அதையே சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

2024-25ஐ விட்டுவிடுவதே நல்லது. தாமதம் மட்டுமல்ல சிக்கல். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரால் தொடக்கத்தில் படிவத்துக்குள்ளேயே போக முடியவில்லை. பெற்றோர் சம்மதமும் கையொப்பமும் விடுபட்டவை சமர்ப்பித்த கணக்கில் இருக்கும், முழுமையான கணக்கில் இருக்காது. டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் அதிகம் என்பதால் பிழை எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவில் விழாது. லூசியானா அந்த 2024இலேயே விதியைக் கைவிட்டுவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில்: புள்ளிமான்

மாதிரி பற்றி. லூசியானா முதலில், மற்றவை 2021, 2022, 2023 என்று பின்னால் வருகின்றன. இருவழி நிலைவிளைவு போட்டால், ஏற்கெனவே விதி வந்த லூசியானா பின்னால் வந்தவற்றுக்கு ஒப்பீட்டு மாநிலமாக உட்கார்ந்துவிடும். விளைவு ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தால் மதிப்பீடு குறையும், குறி தலைகீழாகக்கூடப் போகலாம். காலவே – சான்ட்'அன்னா முறையில், ஒரே ஆண்டில் விதி வந்த மாநிலங்களை ஒரு கூட்டமாக வைத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி மதிப்பீடு எடுத்து, இதுவரை விதி வராத மாநிலங்களை மட்டும் எதிரே வையுங்கள்.

அடுத்து, திட்டப்பிழை. பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் விதி மாநில அளவில் வந்தது. விதி வந்த கொத்துகள், அதாவது மாநிலங்கள், ஐந்தே. மாநிலவாரியாகக் கொத்தாக்கினாலும் பிழை பொய்யாகச் சிறிதாகத் தெரியும். தரவைத் திரும்பத் திரும்பக் கலைத்துப் பிழையைக் கணிக்கும் வைல்ட் பூட்ஸ்ட்ராப்பும் விதி வந்த கொத்துகள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது நம்பத்தக்கதல்ல. போலி ஒதுக்கீட்டுச் சோதனை செய்யுங்கள்: லூசியானாவின் விதியை மற்ற மாநிலங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். ஐந்தில் மற்ற நான்கை நீக்கினால் 46 மாநிலம், ஆகவே உங்கள் p மதிப்பு 1/46க்கு, சுமார் 0.022க்கு, கீழே போகவே முடியாது. அட்டவணையில் மூன்று நட்சத்திரம் (p 0.01க்கும் கீழே என்ற குறி) போட்டுக்கொண்டு போனால் முதல் வரிசையிலிருந்தே கை தூக்குவார்கள்.

விகிதத்தில் வகுக்கும் எண்ணையும் பார்க்கணும். 12ஆம் வகுப்பு எண்ணிக்கை பொதுவாக முந்தைய ஆண்டுகளுடையதாகவே கிடைக்கும், அதனால் சில பள்ளிகளில் விகிதம் 100ஐத் தாண்டும். அவற்றைச் சத்தமில்லாமல் 100க்கு வெட்டாதீர்கள். எத்தனை பள்ளி என்று சொல்லுங்கள். 5க்குக் குறைவான எண்ணிக்கை மறைக்கப்படும் என்பதால் சிறு கிராமப் பள்ளிகள் தாமாகவே விழுந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: கணக்குப்பிள்ளை

நன்றி. கொரோனா ஆண்டுகளை நீக்கிவிட்டால் சுத்தமாக இருக்குமா?

பதில்: புள்ளிமான்

நீக்கினால் இல்லினாய், அலபாமா, டெக்சஸ் மூன்றிலும் விதி தொடங்கிய ஆண்டும் கூடவே போய்விடும். தொடக்க ஆண்டோடு மிஞ்சுவது, முன்காலம் ஓர் ஆண்டே உள்ள லூசியானா, பிறகு கலிஃபோர்னியா. நீக்காமல், பள்ளி எவ்வளவு காலம் நேரடி வகுப்பு நடத்தியது என்பதைக் கட்டுப்பாட்டு மாறியாக வைத்துப் பாருங்கள். அதுவும் அரைகுறைதான், வேறு வழியில்லை.

பதில்: ஏரிக்காவலர்

இருவரும் எண்ணைப் பற்றியே பேசிவிட்டார்கள். அங்கே பேராசிரியர்கள் மட்டுமல்ல, மாநில உதவி முகமைகளில் திட்டத்தை நடத்துகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்பது "விதி என்று எதைச் சொல்கிறீர்கள்?" என்றுதான். இந்த மாநிலங்களில் பெற்றோர் கையொப்பமிட்டு விலக்குப் படிவம் கொடுத்தால் போதும். கலிஃபோர்னியாவில் ஆவணமற்ற மாணவர் ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் நிரப்பினாலே விதி நிறைவேறிவிடும். டெக்சஸில் அதற்கு டாஸ்ஃபா என்ற மாநில விண்ணப்பம் இருக்கிறது. ஃபாஃப்சாவை மட்டும் எண்ணினால் விதிக்குக் கீழ்ப்படிந்தவர்களை மீறியவர்களாகக் காட்டுவீர்கள். முதல் ஸ்லைடிலேயே ஐந்து மாநிலம், தொடக்க ஆண்டு, விலக்கு வழி, மாற்று விண்ணப்பம் என்று ஒரு சிறு அட்டவணை போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, படிவம் நிரப்பியது கல்லூரி சேர்ந்ததாகாது. 2012இல் வெளியான எச் அண்ட் ஆர் பிளாக் (வரிக்கணக்குப் போட்டுத் தரும் நிறுவனம்) சோதனையில், வரிக்கணக்கு போடும் இடத்திலேயே உட்கார வைத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தபோது சேர்க்கை உயர்ந்தது. உதவித் தகவலை மட்டும் கையில் கொடுத்த குழுவில் ஒன்றும் நடக்கவில்லை. 8 லட்சம் மாணவர்களுக்குச் செய்தி அனுப்பிப் பார்த்த பிந்தைய ஆய்விலும் பலன் இல்லை. ஆகவே விதியோடு மாநிலம் உதவ ஆட்களும் பணமும் கொடுத்ததா என்பதைச் சுருக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லுங்கள். சேர்க்கைக்கு கிளியரிங்ஹவுஸ் (கல்லூரிச் சேர்க்கைப் பதிவுகளைத் திரட்டும் அமைப்பு) தரவு வாங்கினால், தனியுரிமைத் தடை போட்ட மாணவர்கள் "சேரவில்லை" என்றே தெரிவார்கள் என்பதையும் அடிக்குறிப்பில் போடுங்கள். பேச 12–15 நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, மதிப்பீட்டு முறைக்கு ஒரே ஸ்லைடு. மீதியைப் பின்னிணைப்பில் தயாராக வைத்திருங்கள்.