ஓ.ஜே. சிம்ப்சன்: விடுதலையானவர் எதற்கு 3.35 கோடி டாலர் கட்டணும்?

கேள்வி:
1994-இல் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் சிம்ப்சனின் முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுன், நிக்கோலின் நண்பர் ரான் கோல்ட்மேன் இருவரும் கொல்லப்பட்ட வழக்கில் சிம்ப்சன் குற்றவாளி இல்லை என்று 1995-இல் ஜூரி சொல்லிவிட்டது. அப்படியிருக்க 1997-இல் அதே கொலைகளுக்கு இழப்பீடு கட்டச் சொன்னது எப்படி? ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை விசாரணை கூடாது இல்லையா? பின்னால் ஜெயிலுக்குப் போனதும் இதற்காகத்தானா?

பதில் 1:
அந்தத் தடை கிரிமினல் வழக்குக்குத்தான். 1997-இல் நடந்தது, இறந்தவர்களின் குடும்பத்தார் போட்ட சிவில் வழக்கு. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, எது அதிகம் நம்பும்படி இருக்கிறதோ அது போதும். முதல் வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறாதவர், இதில் ஏறியே ஆக வேண்டியிருந்தது.

கவிழ்த்தது ஒரு ஷூ. கொலை நடந்த இடத்தில் புரூனோ மாலி ஷூவின் ரத்தத் தடம் இருந்தது. அந்த மாதிரி அசிங்கமான ஷூவை நான் போடவே மாட்டேன் என்றார். 1993-இல் பஃபலோ மைதானத்தில் அதே ஷூவோடு நிற்கும் போட்டோக்கள் வெளியே வந்தன. அவர் ஓடிப் புகழ் பெற்ற பஃபலோ பில்ஸ் அணியின் மைதானம் அது!

பதில் 2:
ஜெயில் தனிக் கதை. 2007-இல் லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறைக்குள் ஆட்களோடு புகுந்து, தன்னைச் சார்ந்த நினைவுப் பொருட்களைப் பறித்துக்கொண்டு போனார். கூட வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. தீர்ப்பு வந்தது 2008 அக்டோபர் 3. கொலை வழக்கில் விடுதலையானதும் இதே அக்டோபர் 3-தான், 13 வருஷம் முன்னால். 33 வருஷத் தண்டனை, 9 வருஷம் இருந்துவிட்டு 2017-இல் பரோலில் வந்தார்.

கேள்வி கேட்டவர்:
சரி, அந்தப் பணம் குடும்பங்களுக்குக் கிடைத்ததா?

பதில் 1:
பெரும்பகுதி கிடைக்கவில்லை. கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரர் என்று அவர் வாங்கிய ஹெய்ஸ்மன் கோப்பை 1999-இல் ஏலம் போனது. ஆனால் அவர் ஆடிய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தரும் பென்ஷனில் கடன்காரர்கள் கை வைக்கச் சட்டம் விடவில்லை. ஃப்ளோரிடாவுக்குக் குடிபெயர்ந்ததும் சும்மா இல்லை, குடியிருக்கும் வீட்டைக் கடனுக்காகப் பிடுங்குவது அங்கே கஷ்டம்.

பதில் 3:
ஆட்டத்தையும் யாராவது சொல்லுங்கப்பா. 1973-இல் ஒரே சீசனின் 14 ஆட்டத்தில் பந்தோடு 2,003 யார்டு ஓடினார். 2,000 தாண்டிய முதல் ஆள். பிறகு தாண்டியவர்கள் எல்லோருக்கும் சீசனில் 16 ஆட்டமாவது இருந்தது. கேன்டன் நகரில் ஃபுட்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமிலிருந்து அவர் சிலையை எடுக்கவே இல்லை. எடுக்கவும் கூடாது என்பது என் கட்சி. அது ஓட்டத்துக்கு வைத்தது, ஒழுக்கத்துக்கு இல்லை. திட்டுகிறவர்கள் திட்டலாம்.