தென்னை அடிமரத்தில் தட்டுக் காளான்: மரம் பிழைக்குமா?

பட்டுக்கோட்டையிலிருந்து:
வணக்கம். வீட்டுக் கொல்லையில் அப்பா வைத்த தென்னை, வயது 25 இருக்கும். 2018 கஜா புயலுக்குத் தப்பிய மூன்று மரங்களில் ஒன்று. ஒரு மாதமாகத் தரையை ஒட்டி அடிமரத்தில் சிப்பி மாதிரி இரண்டு காளான். மேல்பக்கம் வார்னிஷ் அடித்ததுபோல் செம்பழுப்பாக மின்னுகிறது. ஓரமும் அடிப்பக்கமும் வெள்ளை. செதுக்கி எடுத்தேன், மறுபடி வந்துவிட்டது. அதற்கு மேலே ஒன்றரை அடிக்குச் செம்பழுப்புச் சாறு வழிந்து காய்ந்திருக்கிறது. அடிமட்டைகள் தொங்குகின்றன, குரும்பை கொட்டுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

ஒரத்தநாட்டிலிருந்து:
சாறு வடிதல் நோயாக இருக்கும். அந்த இடத்தைச் செதுக்கித் தார் பூசுங்கள், சரியாகிவிடும்.

பேராவூரணியிலிருந்து:
இல்லை தம்பி. சாறு வடிதலில் தண்டு வெடிப்பிலிருந்துதான் வடியும், காளான் வராது. இது தஞ்சாவூர் வாடல். 1952 புயலுக்குப் பிறகு நம் பக்கம் முதலில் கண்டதால் அந்தப் பெயர். கானோடெர்மா பூஞ்சை வேர்வழியே ஏறி அடிமரத்தை உள்ளேயே அழுக வைக்கும். காளான் வெளியே வந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். அதைச் செதுக்கிப் பயனில்லை.

இப்போது மற்ற இரண்டு மரங்களைப் பாருங்கள். முற்றிய காய்களைப் பறித்துவிட்டு, பென்சில் கனத்தில் உயிருள்ள ஒரு வேரைத் தேடிச் சாய்வாக நறுக்குங்கள். 100 மில்லி தண்ணீரில் 2 மில்லி ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கலந்து, பாலிதீன் பையில் ஊற்றி, வேர்நுனி முங்கும்படி கட்டுங்கள். ஒரு நாளில் உறிஞ்சாவிட்டால் வேறு வேர். அப்புறம் 45 நாள் காய் பறிக்க வேண்டாம். மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வையுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை 50 கிராமை மக்கிய தொழு உரத்தோடு கலந்து போடுங்கள்.

நோய் மரத்தைச் சுற்றி இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் பள்ளம் எடுங்கள். ஒரு மரத்துப் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்று கேட்கிறேன்: கஜாவில் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்தீர்களா?

பட்டுக்கோட்டையிலிருந்து:
இல்லை அண்ணா. ஆள் கிடைக்காமல் தரைமட்டத்துக்கு அறுத்து மண் மூடிவிட்டோம். போர்டோ கலவை ஊற்றலாமா?

பேராவூரணியிலிருந்து:
ஊற்றலாம். மரத்துக்கு ஒரு சதவீதக் கலவை 40 லிட்டர். 400 கிராம் மயில்துத்தம், 400 கிராம் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் கரைக்க வேண்டும். ஆனால் டிரைக்கோடெர்மா போட்ட கையோடு ஊற்றாதீர்கள், அது செத்துவிடும். முதலில் அந்தக் கட்டைகளைத் தோண்டுங்கள் தம்பி. பூஞ்சை அதில்தான் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பட்டுக்கோட்டையிலிருந்து:
தோண்டினோம் அண்ணா. நோய் மரத்துக்குப் பத்தடி தள்ளி இருந்த கட்டையில் மண்ணுக்கடியில் அதே காளான். உள்ளே நார் பஞ்சாக உதிர்ந்தது. வேரோடு அள்ளி எரித்துவிட்டோம். அப்பாவின் மரத்தில் இன்னும் பாளை வருகிறது, வெட்ட மனம் வரவில்லை. பள்ளம் எடுத்து அதற்கும் வேர் கட்டியிருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் இன்று காலை கட்டினேன். கிணற்றோரத்து மரம் மாலைக்குள் பாதிப் பையை உறிஞ்சிவிட்டது.