அம்பத்தூரிலிருந்து ஏலகிரி, மே மாத வெயில், சூடாகும் கார்: போகலாமா?

அம்பத்தூர்வாசி:
வணக்கம். மே மூன்றாவது வாரம் சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு ராத்திரிக்குள் வீடு திரும்புகிற மாதிரி ஒரு பயணம் யோசிக்கிறோம். ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும், இரண்டு நாளில் முடிகிற தூரமும் இல்லை. அதனால் ஏலகிரியா, பாண்டிச்சேரியா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. குழந்தைகளுக்கு மலைதான் வேண்டுமாம். அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு, வளைவுப் பாதையில் தலை சுற்றும்.

இதில் காரும் சேர்ந்து பயமுறுத்துகிறது. 2017 மாடல், பெட்ரோல். ஏசி போட்டுக்கொண்டு பாடி மேம்பாலம் பக்கம் நெரிசலில் நின்றால் வெப்பமுள் நடுவிலிருந்து மேலே ஏறுகிறது. வண்டி வேகம் பிடித்ததும் தானாக இறங்கிவிடுகிறது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு சரியாகவே இருக்கிறது. நெடுஞ்சாலையில் தொல்லை இல்லை, அப்படியே போகலாமா?

பட்டறைக்காரன்:
அப்படியே மலை ஏறாதீர்கள் சார். நீங்கள் சொல்லும் அறிகுறி ரேடியேட்டர் ஃபேனைத்தான் காட்டுகிறது. வேகமாக ஓடும்போது முன்பக்கக் காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேன் தேவைப்படாது. நிற்கும்போதும் ஊரும்போதும்தான் ஃபேன் வேலை செய்ய வேண்டும். மலையில் வண்டி மெதுவாகத்தான் போகும், ஆனால் இன்ஜினுக்குப் பாரம் மிக அதிகம். அதாவது பாடி நெரிசலில் வருகிற அதே நிலை, அதைவிடக் கடுமையாக.

நீங்களே பார்க்கலாம். வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), மோட்டார் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றுகிறது, ஆனாலும் சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று மேற்கொண்டு போக வேண்டும். ஃபேன் எப்போது வேண்டுமானாலும் திடீரென்று சுற்றும், கையை உள்ளே விடாதீர்கள்.

கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும்.

ஈசிஆர் பிரியன்:
அம்மாவை நினைத்தால் பாண்டிச்சேரிதான் நல்லது என்பேன். 150 கிலோமீட்டர்தான், வளைவே கிடையாது. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடமாட்டார்கள். அங்கே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் ஓடி விளையாடலாம். ஒரு விஷயம் மட்டும்: காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை அறைக்குள்ளேயே இருக்க வேண்டியிருக்கும். கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை. கடற்காற்றின் ஈரப்பதம் அதோடு சேர்ந்தால் பெரியவர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். போகிற வழியில் வேடந்தாங்கல் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே பறவைகளுக்கான காலம் நவம்பர் முதல் மார்ச் வரை.

வாணியம்பாடி மருமகள்:
அண்ணா, ஏலகிரி என் புகுந்த ஊருக்குப் பக்கம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து வராதீர்கள். ஏலகிரியின் உயரம் சுமார் 1,100 மீட்டர்தான். கீழே வேலூரில் 41 டிகிரி அடிக்கும் நாளில் மேலே 33, 34 இருக்கும். மதியம் அங்கேயும் வெயில் வெயில்தான். ஆனால் சாயங்காலம் 5 மணிக்குப் பிறகு வருகிற காற்று இருக்கிறதே, சென்னையில் மே மாதம் அது கிடைக்கவே கிடைக்காது. அதற்காகத்தான் நாங்கள் வருடா வருடம் மேலே போகிறோம்.

அம்மாவுக்குப் புங்கனூர் ஏரி போதும். கரை ஓரம் சமதளம், படகும் உண்டு. ஏலகிரியிலேயே இருக்கும் சுவாமிமலைச் சிகர ஏற்றம் அவருக்கு வேண்டாம். வேண்டுமானால் நீங்களும் பிள்ளைகளும் விடியற்காலையில் ஏறிவிட்டு வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள். ஜலகாம்பாறை அருவியைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். மே மாதம் தண்ணீர் இருக்காது, பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

அறை எடுக்கும்போது தரைத்தளம் கேளுங்கள், முழங்காலுக்கு அது முக்கியம். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள். கோடை விழா நடக்கும் வாரமாக இருந்தால் கூட்டம் நெரியும், அந்தத் தேதியை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. பட்டறைக்காரன் சார், நீங்கள் சொன்னபடி பார்த்தேன், ஃபேன் சுற்றவே இல்லை. இன்று எங்கள் மெக்கானிக் ரிலேயை மாற்றினார். வெயிலில் நிறுத்தி ஏசியோடு அரை மணி நேரம் ஓடவிட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. வீட்டில் ஏலகிரி என்று முடிவாகிவிட்டது. எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? அம்மாவின் தலைசுற்றலுக்கு என்ன செய்யலாம்?

வாணியம்பாடி மருமகள்:
காலை நாலரைக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும் அண்ணா. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டும் வரை லாரி நெருக்கம். அங்கிருந்து வாலாஜா வரை சாலை அகலப்படுத்தும் வேலை பல வருடமாக நடப்பதால் திடீர் மாற்றுப்பாதைகள் வரும், வேகம் வேண்டாம். விடிந்த பிறகு வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. அங்கே நெடுஞ்சாலையை விட்டுத் திருப்பத்தூர் சாலையில் பொன்னேரி, அங்கிருந்து மலை. மொத்தம் 230 கிலோமீட்டர் வாக்கில் வரும். நின்று நின்று வந்தாலும் ஒன்பதரைக்குள் மேலே வந்துவிடலாம். மேற்கு நோக்கி வருவதால் காலை வெயில் முகத்தில் அடிக்காது. திரும்பும்போது மதியம் மூன்றுக்கு மேல் கிளம்பினால் அப்போதும் சூரியன் முதுகுப்பக்கம்தான்.

அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆம்பூர் பிரியாணி யாருக்கும் போகும்போது வேண்டவே வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டு வளைவில் ஏறினால் பெரியவர், சிறியவர் எல்லோரும் வாந்திதான். திரும்பும்போது கத்தரிக்காயோடு நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். வள்ளுவர், கம்பர், கபிலர் என்று பெயர்ப்பலகை இருக்கும். அடுத்த வளைவின் பெயரைப் படிக்கச் சொன்னால் பிள்ளைகள் கண் ஃபோனில் இருக்காது, தலையும் சுற்றாது.

பட்டறைக்காரன்:
ரிலேயோடு முடிந்தது நல்லது சார். கிளம்பும் முன் டயர் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் தயாரானது. வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால் இந்த வெயிலில் அதை நம்பிக் குடும்பத்தை ஏற்றாதீர்கள், மாற்றிவிடுங்கள். காற்றை வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள்.

ஏறும்போது இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதல் கியர். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், காற்று நன்றாகவே இருக்கும். முள் ஏறினால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி, ஹீட்டரை முழுசாகப் போடுங்கள், இன்ஜின் சூட்டை அது வெளியே இழுத்துவிடும். அப்படியும் இறங்கவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீச்சியடிக்கும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

விண்மீன்:
சனிக்கிழமையே போகிறீர்கள் என்பதால் ஒரு யோசனை. ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986 இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரை வைத்தார்கள். பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைகளில்தான். நேரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அம்பத்தூர்வாசி:
ஆசையாக இருக்கிறது, ஆனால் ஒரே நாளில் இரண்டு மலை அம்மாவுக்கு முடியாது. காவலூரைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்கிறோம். டயர் எண் 1117 என்று இருக்கிறது, நான்கையும் இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். தரைத்தள அறையும் கிடைத்துவிட்டது.