கயோட்டி டைமுக்குத் தமிழ்: அந்தர நேரமா, விளிம்புப் பொறுதியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சில்க்சாங் என்ற வீடியோ கேமை ஆடுகிறவர்களும் செலஸ்ட் என்ற கேமை மறுபடி எடுத்தவர்களும் தமிழில் எழுதும் கருத்துகளைத் தொடர்ந்து படிக்கிறேன். "தாவல் கைக்கு இதமாக இருக்கிறது", "பட்டனை அழுத்தினேன், தாவவில்லை" என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. இதம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. கயோட்டி டைம், ஜம்ப் பஃபர், ஐ-ஃபிரேம் என்று ஒலிபெயர்த்து எழுதுகிறோம். புதிதாக வரும் வாசகர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்.

முதலில் கயோட்டி டைமை எடுத்துக்கொள்வோம். மேடையின் விளிம்பைக் கடந்து பாத்திரத்தின் கால் வெளியே போன பிறகும், மிகச் சிறிய நேரத்துக்குள் தாவல் பட்டனை அழுத்தினால், தரையில் நின்றே தாவியதாக ஆட்டம் ஏற்றுக்கொள்ளும். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூனில் மலை முகட்டைத் தாண்டி ஓடி, கீழே பார்க்கும்வரை விழாமல் நிற்கும் கயோட்டியிடமிருந்து வந்த பெயர் இது. கயோட்டி நரியைப் போன்ற வட அமெரிக்க விலங்கு. நமக்குப் பழக்கமில்லாத விலங்கின் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை: அந்தர நேரம். பாத்திரம் அந்தரத்தில் நிற்கும் நேரம் என்று கேட்டவுடன் புரியும்.

* * *

> நமக்குப் பழக்கமில்லாத விலங்கின் பெயரை

நரி நேரம் என்று வைக்கலாமே? "நரி முகத்தில் விழித்தாயா" என்று அதிர்ஷ்டக்காரரைக் கேட்பது நம் வழக்கம். விழ வேண்டியவர் தப்பித்ததைச் சொல்ல அது பொருந்தும், மூலப் பெயரோடு உறவும் விட்டுப்போகாது. திரிசங்கு நேரம் என்றும் யோசித்தேன். வானுக்கும் மண்ணுக்கும் நடுவில் நின்றவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

* * *

> பாத்திரம் அந்தரத்தில் நிற்கும் நேரம்

நிற்பதில்லை ஐயா. சொல் இங்கேதான் தவறான படத்தைக் கொடுக்கிறது. செலஸ்ட்டை உருவாக்கியவர்கள் அதன் நாயகி மேடலினை இயக்கும் நிரலைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். அதிலுள்ள எண்களை வைத்தே பேசுவோம்.

பிந்திய அழுத்தத்தை ஏற்கும் நேரம் 0.1 நொடி. நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படம்) ஓடும் ஆட்டத்தில் ஏறத்தாழ 6 ஃபிரேம். ஓட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு 90 பிக்சல். ஈர்ப்பு, விழும் வேகத்தை நொடிக்கு 900 பிக்சல் வீதம் கூட்டிக்கொண்டே போகிறது. கணக்குப் போட்டால், அந்த 0.1 நொடியில் அவள் பக்கவாட்டில் 9 பிக்சல் போய்விடுகிறாள், கீழே 4.5 பிக்சல் இறங்கிவிடுகிறாள். அங்கே ஒரு தரைக்கட்டம் 8 பிக்சல். ஒரு கட்டத்துக்கும் மேலே வெளியே போய், அரைக் கட்டத்துக்கும் மேலே விழுந்த ஒருத்தியைத்தான் தாவ விடுகிறது ஆட்டம். அந்தரத்தில் நிற்பது கார்ட்டூன் கயோட்டி மட்டுமே. திரிசங்குவுக்கும் இதே தடைதான்: அவர் நின்றுகொண்டிருப்பவர். நரியில் இன்னொரு சிக்கல்: முகத்தில் விழிப்பது அதிர்ஷ்டம், என்றைக்கோ ஒருநாள் வாய்ப்பது. இது ஒவ்வொரு விளிம்பிலும், ஒவ்வொரு முறையும், ஒரே அளவில் கிடைக்கிறது.

அவள் விழுந்துகொண்டிருக்கிறாள் என்பதை மறந்து நிரல் எழுதுவோர் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. 0.1 நொடி முடிவில் கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 90 பிக்சல் ஆகியிருக்கும். செலஸ்ட்டின் தாவல் வேகம் மேல்நோக்கி 105. தாவல் வேகத்தை இருக்கும் வேகத்தோடு கூட்டினால் மிஞ்சுவது 15தான். பட்டன் ஏற்கப்பட்டும் பாத்திரம் ஒரு துள்ளுத் துள்ளிப் பள்ளத்தில் விழும். ஆடுகிறவர் "லேட்டாக அழுத்திவிட்டேன்" என்று தன்னையே குறை சொல்வார். ஆகவே கூட்டக் கூடாது. செங்குத்து வேகத்தைத் தாவல் வேகமாகவே மாற்றி எழுத வேண்டும்.

மற்றபடி செய்முறை எளிது. நேரத்தை எண்ணும் ஒரு கடிகார மாறி (வேரியபிள்) வைத்துக்கொள்ளுங்கள். கால் தரையில் இருக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதில் 0.1 நிரப்புங்கள். தரையில் இல்லாதபோது, கடந்த ஃபிரேமுக்கு ஆன நேரத்தைக் கழித்துக்கொண்டே வாருங்கள். பட்டன் அழுந்தும்போது மாறி சுழிக்கு மேல் இருந்தால் தாவ விடுங்கள், உடனே அதைச் சுழியாக்கிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால், தாவிய கையோடு மறுபடி அழுத்துகிறவருக்குக் காற்றிலேயே இரண்டாவது தாவல் கிடைத்துவிடும். இரட்டைத் தாவல் உள்ள ஆட்டங்களில் எதை முதலில் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். இந்த மாறியை முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் விளிம்பில் பிந்தி அழுத்தியவரின் இரட்டைத் தாவல் வீணாகச் செலவாகிவிடும்.

இன்னொன்று, நேரத்தை ஃபிரேம் எண்ணிக்கையில் வைக்காதீர்கள். 6 ஃபிரேம் என்று எழுதினால் 60 ஹெர்ட்ஸ் திரையில் 0.1 நொடி. ஃபிரேமோடு சேர்ந்தே நிரல் ஓடும் ஆட்டத்தை 144 ஹெர்ட்ஸ் திரையில் ஆடுகிறவருக்கு அதுவே 0.042 நொடியாகச் சுருங்கிவிடும். விலை கூடிய திரை வாங்கியவருக்கு ஆட்டம் கடினமாகிவிட்டதாகத் தோன்றுவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

ஆகவே படத்தைச் சொல்லும் பெயர் வேண்டாம், செயலைச் சொல்லும் பெயர் வேண்டும். பிந்திய அழுத்தத்தை ஆட்டம் ஏற்கிறது. அதுதான் செயல்.

* * *

வணக்கம்.

அந்தரம் என்ற சொல்லுக்கு எங்கட பக்கத்தில் இன்னொரு தடை இருக்கு. யாழ்ப்பாணத்தில் "அந்தரப்படாதேங்கோ" எண்டால் பதறாதீர்கள், அவசரப்படாதீர்கள் எண்டு அர்த்தம். அந்தர நேரம் எண்டு எழுதினால் ஈழத்து வாசகர் நெருக்கடியான நேரம் எண்டுதான் எடுப்பார். நேர் எதிர்ப் பொருள். ஆட்டம் அவரை அந்தரப்பட விடாமல் பார்க்கிற நேரமல்லவா இது!

நிரல் தெரிந்த நண்பர் செயலைச் சொல்லுங்கோ எண்டார். என்ர பரிந்துரை "பொறுதி". பொறுத்துக்கொள்ளல், மன்னிப்பு என்ற பொருளில் பழைய அகராதிகளிலேயே இருக்கு. கடை பூட்டுற நேரம் கழிந்து ஓடி வந்தவருக்கும் ஒரு வார்த்தை பேசாமல் சாமான் எடுத்துக் கொடுக்கிறார் கடைக்காரர். ஆட்டம் செய்வதும் அதுதான், பிழையைக் கண்டும் சொல்லாமல் பொறுக்கிறது.

விளிம்பில் நடப்பது விளிம்புப் பொறுதி. இதன் மறுபக்கமான ஜம்ப் பஃபரையும் இதே சொல்லால் கட்டலாம். அங்கே கால் தரையைத் தொட முன்னமே பட்டனை அழுத்திவிடுகிறோம். ஆட்டம் அதை நினைவில் வைத்திருந்து, தொட்ட கணமே தாவ வைக்கும். முன்னழுத்தப் பொறுதி எனலாம். ஒன்று பிந்தியதைப் பொறுக்கும், மற்றது முந்தியதைப் பொறுக்கும்.

* * *

பொறுதி நன்றாக இருக்கிறது, ஆனால் ஆடுகிற பிள்ளைகள் வாயில் வருமா? "சலுகை" எல்லோருக்கும் தெரிந்த சொல். விளிம்புச் சலுகை என்றால் என்ன குறை? கடைசல் பட்டறையில் டாலரன்ஸ் என்கிறார்களே, அதற்கும் பொறுதி என்று யாராவது எழுதினால் மோதாதா?

* * *

> விளிம்புச் சலுகை என்றால் என்ன குறை?

சலுகை என்பது சிலருக்குத் தருவது. மாணவர் சலுகை, முதியோர் சலுகை என்கிறோம். கேட்டுப் பெறுவது, பெறுகிறவருக்கும் தெரிந்திருப்பது. செலஸ்ட்டில் அப்படி ஒன்று தனியாகவே இருக்கிறது: உதவி நிலை. மெனுவில் போய் ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்தாக 50 விழுக்காடு வரை குறைக்கலாம், களைப்பில்லாமல் சுவரைப் பிடித்துத் தொங்கலாம், சாகாமலும் ஆடலாம். விருப்பப்பட்டவர் இயக்கிக்கொள்வது அது. அதற்குத்தான் சலுகை பொருந்தும். விளிம்பில் கிடைக்கும் 0.1 நொடி எல்லோருக்கும், கேளாமலே கிடைக்கிறது. உலகச் சாதனைக்காக ஓடுகிறவருக்கும் அதே அளவுதான். இரண்டையும் சலுகை என்றால், "செலஸ்ட் சலுகை நிறைந்த ஆட்டம், ஆகவே எளிது" என்ற தவறான விமர்சனத்துக்கு நாமே வழி திறந்துவிடுவோம்.

பட்டறை டாலரன்ஸோடு மோதல் வராது. வரையறுத்த அளவிலிருந்து எவ்வளவு விலகினாலும் ஏற்கலாம் என்பதுதான் அங்கேயும் பொருள். 10 மில்லிமீட்டர் தண்டில் 0.05 கூடலாம் குறையலாம் என்பதும், விளிம்பிலிருந்து 0.1 நொடி பிந்தலாம் என்பதும் ஒரே கருத்து. இரண்டு துறைக்கும் ஒரே சொல் அமைவது நல்லதே.

முன்னழுத்தப் பொறுதிக்கு எண் வேண்டுமென்றால், செலஸ்ட்டில் 0.08 நொடி. இதில் கெடுவது வேறு விதம். பொறுத்த அழுத்தத்தைப் பயன்படுத்தியதும் அழிக்காவிட்டால் ஒரே அழுத்தத்துக்கு இரண்டு தாவல் வரும். பட்டன் அழுந்திய கணத்தைப் பதியாமல், அழுந்திய நிலையிலேயே இருப்பதைச் சோதித்தால், விரலை எடுக்காதவர் தரை தொடும்போதெல்லாம் துள்ளிக்கொண்டே இருப்பார். உரையாடல் பெட்டியை மூட அழுத்திய அதே பட்டன் தாவலாக மாறி, பாத்திரத்தைப் பள்ளத்தில் தள்ளுவதும் உண்டு. பெட்டி மூடும்போதும் இடைநிறுத்தம் முடியும்போதும் பதிவைத் துடைத்துவிட வேண்டும்.

* * *

முதல் மடலை எழுதியவன். அந்தர நேரத்தைத் திரும்பப் பெறுகிறேன். விளிம்புப் பொறுதி, முன்னழுத்தப் பொறுதி இரண்டுக்கும் என் ஒப்புதல்.

இப்போது ஐ-ஃபிரேம். அடி எதுவும் பாத்திரத்தில் பதியாத அந்தக் குறுகிய நேரத்துக்குத் "தீண்டாச் சட்டகம்" என்று எழுதியதைப் பார்த்தேன். அதை நாம் ஏற்கவே கூடாது. தீண்டாமை என்ற சொல் நம் சமூகத்தில் சுமக்கும் கொடுமையை ஓர் ஆட்ட வசதியின் பெயரில் கொண்டுவந்து வைப்பது சரியில்லை. அடிபடா நேரம் என்றால் போதும். ஃபிரேம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அடிபடாச் சட்டகம்.

இதையும் அடிபடாப் பொறுதி என்று அதே குடும்பத்தில் சேர்க்கலாமா?

* * *

> அதே குடும்பத்தில் சேர்க்கலாமா?

பாதியைச் சேர்க்கலாம், பாதியைக் கூடாது.

ஹாலோ நைட் ஆட்டத்தில் அடி வாங்கியதும் 1.3 நொடிக்கு அடுத்த அடி பதியாது. ஸ்டால்வார்ட் ஷெல் (உறுதியான ஓடு) என்ற தாயத்தை அணிந்தால் அது 1.75 நொடி ஆகும். இது பொறுதியேதான்: தவறு நடந்துவிட்டது, சுதாரிக்க ஆட்டம் இடம் கொடுக்கிறது. டார்க் சோல்ஸ் வகை ஆட்டங்களில் உருளும்போது கிடைப்பது அப்படியில்லை. வாள் வரும் கணத்தைக் கணித்து உருண்டவர் உழைத்துப் பெற்றது அது. டார்க் சோல்ஸ் 2 ஒரு படி மேலே போய், தகவமைவு என்ற பண்பில் ஆன்மாக்களை (அந்த ஆட்டத்தின் நாணயம்) செலவழித்தால் அந்த நேரம் நீளும் என்று வைத்தது. அதனால் முதல் சில மணி நேரம் உருளல் வேலை செய்யவில்லை என்று எண்ணிப் பலர் ஆட்டத்தையே வெறுத்தார்கள். விலை கொடுத்து வாங்கியதைப் பொறுதி என்பது முறையா? இரண்டுக்கும் பொதுப் பெயராக அடிபடா நேரம் இருக்கட்டும். அடிக்குப் பின் வருவதை மட்டும் அடிபின் பொறுதி எனலாம்.

இதோடு தொட்டு வரும் இன்னொரு இணை: ஹிட்பாக்ஸ், ஹர்ட்பாக்ஸ். எது எதில் பட்டது என்று ஆட்டம் கணக்கிட வைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் இவை. தமிழில் வினையே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. தாக்குவது தாக்குபரப்பு, அடி படுவது படுபரப்பு. ஆனால் ஓர் எச்சரிக்கை: செலஸ்ட் நிரலில் ஹிட்பாக்ஸ் தாக்குவதற்கானது இல்லை. அது சுவரிலும் தரையிலும் முட்டுவதற்கான 8×11 பிக்சல் பெட்டி. முள் பட்டுச் சாவதற்கான ஹர்ட்பாக்ஸ் 8×9தான், காலடியில் 2 பிக்சல் குறைவு. முள்ளின் நுனியை உரசியும் பிழைப்பது இதனால்தான். அந்த இடத்தில் முட்டுபரப்பு, படுபரப்பு என்றே எழுத வேண்டும்.

* * *

நல்லது. விக்சனரியில் சேர்க்க வரைவு:

விளிம்புப் பொறுதி – பெயர்ச்சொல். மேடை விளிம்பைக் கடந்த பின்னும் குறித்த நேரத்துக்குள் வரும் தாவல் அழுத்தத்தைத் தரையில் நின்று அழுத்தியதாக ஏற்கும் ஆட்ட ஏற்பாடு. பாத்திரம் இந்நேரத்தில் விழுந்துகொண்டிருக்கலாம். எடுத்துக்காட்டு: செலஸ்ட்டில் விளிம்புப் பொறுதி 0.1 நொடி.

மீதமிருப்பது கார்னர் கரெக்‌ஷன். மேலே தாவும்போது தலை கூரையின் மூலையில் இடித்தால், 4 பிக்சல் வரை பக்கவாட்டில் நகர்த்திப் பாத்திரத்தை மேலே போக விடுகிறது செலஸ்ட். சுவரைத் தொடாமல் 2 பிக்சல் தள்ளி நின்றும் சுவரிலிருந்து தாவலாம். இவை நேரத்தைப் பொறுப்பதில்லை, இடத்தைப் பொறுக்கின்றன. மூலைப் பொறுதி, சுவர்ப் பொறுதி என்று வைத்தால் நேரமா இடமா என்பது பெயரில் தெரியாது. மூலை நெகிழ்வு, சுவர் நெகிழ்வு என்று பிரிக்கலாமா என்று யாழ்ப்பாணத்து நண்பர் சொல்ல வேண்டும்.

* * *

பிரிக்க வேண்டாம் ஐயா. மூலை, சுவர், விளிம்பு எண்ட முன்சொல்லே எது எண்டு காட்டிவிடும். அளவை நொடியில் எழுதினால் நேரம், பிக்சலில் எழுதினால் இடம். மூலைப் பொறுதி 4 பிக்சல் எண்டு எழுதிப் பாருங்கோ, ஒருவருக்கும் குழப்பம் வராது.